செமஸ்டரை விடச் சின்ன யுகம்!

உங்க காலேஜ்ல ஒரு செமஸ்டர் எத்தனை நாள்? வகுப்பு, இன்டர்னல், ஸ்டடி லீவு, பரீட்சை எல்லாம் சேர்த்தா எப்படியும் நாலு மாசம் வரும். ஜப்பான் சரித்திரத்துல ஒரு யுகம் இருக்கு. அதுக்குத் தனிப் பேர், தனி ஆண்டுக் கணக்கு எல்லாம் உண்டு. ஆனா மொத்த ஆயுசே சுமார் 107 நாள்தான். நாம ஒரு செமஸ்டர் முடிக்கிறதுக்குள்ள அவங்க ஒரு யுகத்தையே முடிச்சுட்டாங்க!

அந்த யுகத்தோட பேர் தென்பியோ-கம்போ. கி.பி. 749, மே மாசத் தொடக்கத்துல பிறந்து, ஆகஸ்ட் மாசம் பாதி தாண்டினதும் முடிஞ்சுபோச்சு. அது பிறந்த ஊருக்குத்தான் போன நவம்பர்ல போயிருந்தேன். ஊர் பேர் நாரா.

நான் மெட்டலர்ஜி மூணாம் வருஷம். ஜப்பானுக்குப் பத்து நாள் மாணவர் பயணத்துல என் பேரும் வந்தப்போ, ஹாஸ்டல்ல ஒரே ஆட்டம். டிக்கெட், தங்கற செலவு, சாப்பாடு எல்லாம் அழைச்சவங்க பொறுப்பு. பாஸ்போர்ட், குளிர் கோட்டு, கைச்செலவு நம்ம பொறுப்பு. சரியா அதே வாரம்தான் செமஸ்டர் ஃபீஸும் கட்டணும். அப்பா சேலம் பக்கத்துல விசைத்தறி ஓட்டுறார். அம்மா ஒண்ணும் பேசலை. கழுத்துல கிடந்த மூணு பவுன் சங்கிலியைக் கழட்டி, மஞ்சள் பையில போட்டு, அடகுக் கடைக்குக் கிளம்பிட்டாங்க. திரும்பி வந்தப்போ கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான். "ஏஞ்சாமி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? தங்கம் எங்க போயிரப்போகுது, வந்துரும்"னு சொன்னாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, தென்பியோ-கம்போ யுகமும் இப்படித் தங்கத்துக்குக் காத்துக் கிடந்த கதைதான்.

தாத்தாவைப் பார்த்துட்டு உள்ளே போங்க!

கியோட்டோவுலேர்ந்து கின்டெட்சு ரயில்ல நாரா வந்து இறங்கி, படியேறி வெளியே வந்தா ஒரு நீரூற்று. நடுவுல ஒரு சாமியார் சிலை. ஸ்கூல் பசங்க, காலேஜ் ஜோடிங்க எல்லாரும் அதைச் சுத்தி நின்னு யாருக்காகவோ காத்துட்டு இருக்காங்க. நம்ம ஊர்ல 'தேர்முட்டிகிட்ட நில்லு, வந்துடறேன்'னு சொல்ற மாதிரி, அவங்களுக்கு இந்தச் சிலைதான் அடையாளம்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் ஒரு ரிட்டயர்டு தாத்தா. சம்பளம் வாங்காத தன்னார்வலர். மெதுவான ஆங்கிலத்துல, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சுப் பேசுவார். "கோயிலுக்கு முன்னாடி இவருக்கு வணக்கம் சொல்லிடுங்க"ன்னார். சிலையா நிக்கிறவர் பேர் கியோகி. எட்டாம் நூற்றாண்டு பௌத்தத் துறவி. ஊர் ஊராப் போய்ப் பாலம் கட்டினார், குளம் வெட்டினார். ஜனங்க அவர் பின்னாலேயே திரண்டாங்க. 'கண்ட இடத்துல கூட்டம் சேர்க்கிறார்'னு முதல்ல அவரை அதட்டின அரசாங்கம், பின்னால அவர்கிட்டேயே உதவி கேட்டு வந்துச்சு. எதுக்கு? ஒரு மாபெரும் புத்தர் சிலைக்கு நன்கொடை திரட்ட!

சிலை எதுக்குன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 735-லேர்ந்து 737 வரைக்கும் ஜப்பானை அம்மை நோய் சூறையாடிடுச்சு. ஜனத்தொகையில நாலுல ஒரு பங்கு, இல்லை அதுக்கும் மேலயே செத்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் கணக்குப் போடறாங்க. அரசாங்கத்தையே ஆட்டி வச்ச ஃபுஜிவாரா குடும்பத்து அண்ணன் தம்பி நாலு பேரும் ஒரே வருஷத்துல காலி. நடுவுல ஒரு கலகம் வேற. நொந்துபோன சக்கரவர்த்தி ஷோமு, 743-ல ஓர் ஆணை போட்டார். 'நாட்டுக்காக ஒரு பெரிய புத்தரை வார்ப்போம். ஒருத்தர் ஒரு புல்லும் ஒரு கை மண்ணும்தான் கொண்டு வர முடியும்னாலும் அவரையும் சேர்த்துக்குங்க'ங்கிறது அதோட சாரம். முதல்ல ஷிகராக்கிங்கிற ஊர்ல ஆரம்பிச்சாங்க. அது சரிப்படலை. 745-ல வேலை நாராவுக்கு மாறிச்சு.

மான்கள், வாசல், மலை மாதிரி ஒருத்தர்

ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா மான் பூங்கா. மான்னா கூண்டுக்குள்ள இல்லைங்க, ரோட்டுல! பிஸ்கட் விக்கிற பாட்டிகிட்ட ஒரு கட்டு வாங்கினதுதான் தாமதம், ஏழெட்டு மான் என்னைச் சுத்தி நின்னு தலையை ஆட்டி ஆட்டி வணக்கம் வைக்குது. மரியாதையான பிள்ளைங்கன்னு நினைச்சு ஒரு செகண்ட் அசந்தேன். என் புரோகிராம் பேப்பர்ல பாதியைக் காணோம்!

அதைத் தாண்டினா நந்தைமோன் வாசல். ரெண்டு பக்கமும் 8 மீட்டருக்கு மேல உயரமான மரக் காவலர்கள். 1203-ல உங்கேய், கைகேய் இவங்க தலைமையில செதுக்கினது. எடுத்துக்கிட்ட நாள் 69! அதுவும் நம்ம கதையோட யுகத்தை விடச் சின்னக் கணக்குதான்.

அப்புறம் தோதாய்-ஜி கோயிலோட பெரிய மண்டபம். முகப்பு அகலம் 57 மீட்டர். 'அம்மாடியோவ்'னு நான் வாயைப் பிளந்தா, தாத்தா சிரிக்கிறார். "இது சின்னது. 1709-ல காசு பத்தாம சுருக்கிக் கட்டினது. முதல்ல இருந்தது 86 மீட்டர்." 1180-லயும் 1567-லயும் போர்த் தீயில ரெண்டு தடவை எரிஞ்சிருக்கு இந்த இடம்.

உள்ளே புத்தர். உட்கார்ந்த நிலையிலேயே சுமார் 15 மீட்டர். அஞ்சு மாடி உயரம்! கோயில் கணக்குப்படி சுமார் 500 டன் செம்பு. அதுல கொஞ்சமாவது மேற்கே யமகுச்சி பகுதியில இருக்கிற நகனோபோரி சுரங்கத்துலேர்ந்து வந்ததுன்னு, உலோகத்தைப் பரிசோதனை பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரே அச்சுல இவ்வளவு பெரிசை ஊத்த முடியாது. அதனால கீழேர்ந்து மேல வரைக்கும் எட்டு அடுக்கா வார்த்தாங்க. ஓர் அடுக்கு இறுகினதும், சுத்தி மண்ணை மேடாக் கொட்டி, அது மேல உலையை வச்சு அடுத்த அடுக்கு. 747-ல ஆரம்பிச்ச வார்ப்பு 749-ல முடிஞ்சது. சிற்ப வேலைக்குத் தலைமை ஏத்தவர் குனினாகா நோ கிமிமாரோ. அவரோட தாத்தா கொரியாவோட பெக்ஜே நாட்டுலேர்ந்து வந்து குடியேறினவர்.

வார்ப்பு நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. சிக்கல் வேற இடத்துல. சிலைக்குத் தங்க முலாம் பூசணும். தங்கம் இல்லை! ஜப்பான் மண்ணுல தங்கமே கிடையாதுன்னு அப்போ எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. கடல் தாண்டி வாங்கலாம்னா, இவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவுன்னு வாங்கறது?

காலண்டரை மாத்தின தங்கம்

749-ம் வருஷம், பழைய சந்திரக் கணக்குப்படி ரெண்டாம் மாசம் 22-ம் தேதி, வடக்கே முத்சு மாகாணத்துலேர்ந்து சேதி வந்துச்சு. தங்கம் கிடைச்சிருக்கு! இன்னிக்கு மியாகி மாவட்டத்துல இருக்கிற வகுயா ஊர்தான் அந்த இடம். அங்கே மாகாண ஆளுநரா இருந்தவர் கியோஃபுகு. அவரும் பெக்ஜே ராஜ வம்சத்துல வந்தவர்தான்.

நாலாம் மாசம் 1-ம் தேதி சக்கரவர்த்தி சிலை முன்னாடி வந்து நின்னார். தெற்கு பார்த்து உட்காரவேண்டிய மனுஷன், வடக்கு பார்த்து, ஓர் அடியாள் மாதிரி நின்னார். 'நான் புத்தம், தர்மம், சங்கம் மூணுக்கும் அடிமை'ன்னு சொல்லித் தங்கம் கிடைச்ச சேதியைப் புத்தர்கிட்ட அறிவிக்க வச்சார். 14-ம் தேதி மறுபடி வந்தார். அன்னிக்குத்தான் காலத்தோட பேரையே மாத்தினாங்க. ஏற்கெனவே ஓடிட்டிருந்த யுகம் தென்பியோ, அதாவது 'வானத்து அமைதி'. அதோட 'கம்போ'வைச் சேர்த்தாங்க. 'பொக்கிஷம் கண்டு நெகிழ்தல்'னு வச்சுக்கலாம். ஜப்பான்ல நாலு எழுத்துல அமைஞ்ச முதல் யுகப் பேர் இதுதான்.

நம்ம பிரபவ, விபவன்னு வர்ற அறுபது வருஷப் பேர்கள் சுத்திச் சுத்தித் திரும்பி வரும். ஜப்பான் யுகம் அப்படியில்லை. போனா போனதுதான். 645-ல ஆரம்பிச்சு இதுவரைக்கும் 248 பேர் வச்சிருக்காங்க. கடைசியா 2019 மே 1-ம் தேதி பிறந்தது ரெய்வா. 1868-லேர்ந்துதான் ஒரு சக்கரவர்த்திக்கு ஒரு யுகம்னு கணக்கு. அதுக்கு முன்னாடி நல்ல சகுனம் வந்தாலும் மாத்துவாங்க, நிலநடுக்கம் வந்தாலும் மாத்துவாங்க.

மெட்டலர்ஜி மாணவிங்கிற முறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாசாரம் இது. 701-ல வச்ச பேர் தைஹோ, 'பெரும் பொக்கிஷம்'. சுஷிமா தீவுல தங்கம் கிடைச்சதுன்னு சந்தோஷத்துல வச்சது. அது மோசடின்னு அப்புறம்தான் தெரிஞ்சது! 708-ல வச்ச பேர் வதோ. முசாஷியில செம்பு கிடைச்சதுக்காக. 749-ல நம்ம கம்போ. போலித் தங்கத்துல ஒரு தடவை சூடுபட்ட அரசாங்கத்துக்கு, 48 வருஷம் கழிச்சு நிஜத் தங்கம்! அந்தச் சந்தோஷத்தோட சைஸை யோசிச்சுப் பாருங்க.

அதே நாலாம் மாசம் 22-ம் தேதி கியோஃபுகு தங்கத்தை நேர்ல கொண்டுவந்து கொடுத்தார். 900 ரியோ. சுமார் 13 கிலோ. நான் உடனே மனசுக்குள்ள பவுனுக்கு மாத்தினேன். ஆயிரத்து அறுநூறு பவுனுக்கு மேல! எங்க அம்மா சங்கிலி மாதிரி ஐநூத்துச் சொச்சம் சங்கிலி.

ஆனா கோயிலோட பழைய பதிவுப்படி முலாமுக்கு ஆன தங்கம் 10,446 ரியோ. அதாவது, வந்தது பத்துல ஒரு பங்குகூட இல்லை. முதல் தவணைக்கே யுகத்தை மாத்திட்டாங்க! முதல்ல இது எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் அடகுக் கடை ஞாபகம் வந்துச்சு. முழுக் கடனும் அடையறப்போ வர்ற நிம்மதி வேற. 'அடையும்'னு முதல் தடவை தெரியறப்போ வர்ற நிம்மதி வேற. ரெண்டாவதுதான் பெரிசு. கம்போங்கிறது அந்த நிம்மதிக்கு வச்ச பேர்.

யாருக்கு நிம்மதி?

"உங்களுக்கு ஒரு கணக்கு"ன்னார் தாத்தா. "கியோகி எப்போ இறந்தார் தெரியுமா? அதே வருஷம், ரெண்டாம் மாசம் 2-ம் தேதி."

சேதி வந்தது 22-ம் தேதி. இருபது நாள்! எண்பது வயசு தாண்டியும் ஊர் ஊரா நடந்து ஆள் திரட்டினவர், தங்கம் கிடைச்சதைக் கேட்கவே இல்லை. அவர் பார்க்காத யுகம் இது.

சேதி கேட்டவங்களோட சந்தோஷத்துக்குச் சாட்சி இருக்கு. எச்சூ மாகாணத்துல ஆளுநரா இருந்த கவிஞர் ஓதோமோ நோ யகமோச்சி, தங்கம் வந்ததைக் கொண்டாடி அஞ்சாம் மாசம் 12-ம் தேதி ஒரு நீண்ட பாட்டு எழுதினார். 'மான்யோஷூ' தொகுப்புல இந்தக் குட்டி யுகத்தோட தேதியோடவே அது இருக்கு. ஷிஸுவோகாவுல ஹெய்தென்-ஜி கோயில்ல சக்கரவர்த்தி ஷோமுவோட ஆணைப் பத்திரம் ஒண்ணு இருக்கு. கோயில்களுக்குத் துணி, நெல், நிலம் தந்த பத்திரம். அதுலயும் தென்பியோ-கம்போ முதலாம் ஆண்டுன்னுதான் தேதி. ரெண்டாம் ஆண்டுங்கிறது அந்த யுகத்துக்கு வரவே இல்லை. ஏழாம் மாசம் 2-ம் தேதி ஷோமுவோட மகள் கோக்கென் அரியணை ஏறினாங்க. அன்னிக்கே யுகப் பேர் தென்பியோ-ஷோஹோன்னு மாறிச்சு. ஒரே வருஷத்துல மூணு யுகப் பேர்! அரசாங்க ஆபீஸ்ல தேதி போடற குமாஸ்தா எத்தனை பேப்பரைக் கிழிச்சாரோ!

முத்சு ஜனங்களுக்கு என்ன ஆச்சு? 752-ல ஒரு சட்டம் வந்துச்சு. தாகாவுக்கு வடக்கே இருக்கிறவங்க வரியைத் தங்கமாக் கட்டணும். நாலு ஆம்பளைங்களுக்கு ஒரு ரியோ. கிட்டத்தட்ட 14 கிராம். நம்ம கணக்குல ஒண்ணே முக்கால் பவுன். ஆத்து மணலை அலசி அலசி எடுக்கிற தங்கம் அது. தலைநகரத்துல 'பொக்கிஷம்'னு பேர் வாங்கினது, வடக்கே வரியா மாறிச்சு.

முலாம் பூசினவங்க கதை இன்னும் கஷ்டம். தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சா வெண்ணெய் மாதிரிக் குழையும். அதை வெண்கலத்து மேல தடவி, கரி நெருப்புல சூடு காட்டணும். பாதரசம் ஆவியாப் பறந்துடும். தங்கம் மட்டும் ஒட்டிக்கும். லேப்ல இதைப் பத்திப் படிச்சப்போ, எங்க மேடம் சிவப்பு மையில அடிக்கோடு போடச் சொன்ன வரி ஒண்ணுதான்: பாதரச ஆவி நஞ்சு. இங்கே செலவான பாதரசம் 58,620 ரியோ. தங்கத்தை மாதிரி அஞ்சரை மடங்குக்கும் மேல! 752-ல ஆரம்பிச்ச பூச்சு முடிய அஞ்சு வருஷம் ஆச்சு. அத்தனை வருஷம், அத்தனை புகை. முகமூடி கிடையாது, எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது. மரவேலை, உலோகவேலைன்னு பதிவுல இருக்கிற நன்கொடையாளர், வேலையாள் எண்ணிக்கையைக் கூட்டினா 26 லட்சம் தாண்டுது. ஒரே ஆள் பல நாள் வந்ததும் அதுல சேர்த்தி. பேர் தெரிஞ்சவங்க விரல்விட்டு எண்ணக்கூடியவங்கதான்.

நம்ம ஊர்க்காரர் திறந்த கண்

752-ல, பூச்சு முடியறதுக்கு முன்னாடியே, கண் திறக்கிற விழா நடந்துச்சு. தூரிகை பிடிச்சுப் புத்தருக்குக் கண் வரைஞ்சவர் யார் தெரியுமா? போதிசேனர். இந்தியத் துறவி! சீனா வழியா 736-ல ஜப்பான் போனவர். 'தென் இந்தியப் பிராமண ஆச்சாரியார்'னுதான் அவரோட சீடர் 770-ல எழுதின நினைவுரை சொல்லுது. அவர் பிடிச்ச தூரிகையில ஒரு நீல நிறப் பட்டுக் கயிறைக் கட்டி, கீழே நின்னவங்க அதோட நீளத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. எல்லாரும் சேர்ந்து கண் திறந்த மாதிரி! அந்தத் தூரிகையும் கயிறும் இன்னமும் பக்கத்துலயே ஷோசோ-இன் கருவூலத்துல பத்திரமா இருக்கு.

எனக்கு அந்தக் கயிறுதான் பிடிச்சது. புத்தரோட தலை 855-ல நிலநடுக்கத்துல விழுந்துச்சு. இப்போ இருக்கிற தலை 1690-கள்ல செஞ்சது. எட்டாம் நூற்றாண்டுல வார்த்ததுல பாக்கி இருக்கிறது மடியில கொஞ்சம், கீழே தாமரை இதழ்கள்ல சிலது. தங்கமா? உடம்புல எங்கேயும் பளபளப்பே இல்லை. கறுத்துப்போய், நம்ம வீட்டுப் பழைய அண்டா மாதிரி இருக்கார். யுகத்துக்குப் பேர் கொடுத்த தங்கம் போயிடுச்சு. கயிறு இருக்கு!

வெளியே வந்தா, மண்டபத்துக்கு முன்னாடி எண்கோண வெண்கல விளக்கு. கோயில் பிறந்தப்போ வச்சது. ரெண்டு தீயையும் பார்த்துட்டு இன்னும் அங்கேயேதான் நிக்குது. அதுகிட்ட நின்னு வீட்டுக்கு வாட்ஸ்ஆப் கால் போட்டேன். நாரா முழுக்கச் சாயங்கால வெயில். சேலத்துல மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால தறிச் சத்தம்.

"அம்மா, இங்கே ஒரு ராஜா இருந்தாரு. தங்கம் கிடைச்ச சந்தோஷத்துல காலண்டர்ல யுகத்தோட பேரையே மாத்திட்டாரும்மா!"

"தங்கம் யாரு கண்ணு தோண்டுனது?"

பாருங்க, மூணாவது வருஷம் மெட்டலர்ஜி படிக்கிற எனக்கு அரை நாள் கோயிலைச் சுத்தினப்புறம் வந்த கேள்வி, அம்மாவுக்கு முதல் செகண்ட்ல வந்துடுச்சு. "வடக்கே இருந்த ஜனங்கம்மா. அப்புறம் அவங்க மேல அதுக்கே வரியும் போட்டாங்க"ன்னேன்.

"ம்ம்..." கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. "செரி, நம்ம சங்கிலி திரும்பி வர்றன்னைக்கு நீ எதைச் சாமி மாத்தப் போற?"

தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சவர், பையிலேர்ந்து ஒரு நாணயத்தை எடுத்து என் கையில வச்சார். பத்து யென். பின்பக்கம் ஷோவா 64-ம் ஆண்டுன்னு போட்டிருக்காம். 1989-ல அந்த ஆண்டு மொத்தமே ஏழு நாள்தான். ஜனவரி 7-ம் தேதி சக்கரவர்த்தி மறைய, மறுநாள் புது யுகம். ஏழு நாள் ஆண்டோட நாணயம் இன்னமும் கடையில செல்லுபடியாகுது. "அம்மாகிட்ட கொடு"ன்னார்.

கொடுத்துட்டேன். சாமி மாடத்துல, அடகுக் கடைச் சீட்டு மேல அது பறந்துடாம இருக்க வெயிட்டா வச்சிருக்காங்க. இந்தக் கட்டுரைக்கு வர்ற பணம் இந்த மாச வட்டிக்கு. முதல் தவணைதான். ஆனா எங்க வீட்டுக் காலண்டர்ல அந்தத் தேதியை இப்பவே சிவப்பு மையில வட்டம் போட்டுட்டேன்!